இருக்கையில் போட்ட துண்டு

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையிலுள்ள ஊர்களில் லாரியோடோ ரிக் வண்டியோடோ தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆழ்துளைக் கிணறு தோண்டப் போன வண்டி வடமாநிலங்களைச் சுற்றிவிட்டு ஊர் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி ஓடாத நெடுஞ்சாலை இந்த நாட்டில் இருக்குமா என்பதே ஐயம். இந்த வட்டாரம் வளம் பெற்றதற்கும், தொண்ணூறுகளுக்குப் பிறகு தமிழகத்தில் எச்.ஐ.வி. அதிகமாகக் கண்டறியப்பட்ட பகுதிகளுள் ஒன்றாக ஆனதற்கும் இந்தச் சாலைகளே காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். ஓட்டுநர்கள் மேல் மட்டும் பழியைச் சுமத்திய அந்தப் பேச்சில் எனக்கு எப்போதும் உடன்பாடு இருந்ததில்லை. அந்த ஆண்டுகளில் நான் இங்குள்ள ஒரு பரிசோதனை மையத்தில் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்தேன். பின்னாளில் அத்தகைய மையங்களுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வந்தது.

2003ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்தே இந்தப் பதிவு தொடங்குகிறது. அவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்கு எச்.ஐ.வி. இருப்பது உறுதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எத்தனை ஆண்டுகளாக அவர் உடலில் அது இருந்தது என்பதை யாராலும் சொல்ல முடியவில்லை. மனைவிக்கு மூன்று முறை பரிசோதித்தோம். மூன்று முறையும் 'நெகட்டிவ்'. மூன்றாவது முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: "ஏனுங்ணா, அவருக்கு இருக்குதுங்கறீங்க, எனக்கு இல்லைங்கறீங்க. ஒரே ஊட்டுல, ஒரே பாயில இத்தன வருசம் இருந்திருக்கறோம். அதெப்படீங்க?" "உங்க அதிர்ஷ்டம் அம்மணி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆலோசகர் அன்று விடுப்பில் இருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் இருந்திருந்தாலும் எனக்கு விடை தெரியாது என்பது அதைவிடப் பெரிய உண்மை. அந்த வெட்கத்தில்தான் படிக்கத் தொடங்கினேன்.

படித்தபோது முதலில் கண்ணில் பட்டது 1986ஆம் ஆண்டு. அந்த ஆண்டில்தான் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முறையாகத் தெரியவந்தது. நாம் கிருமியைக் கண்டறிந்த அதே ஆண்டில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜே லெவி என்பவரின் ஆய்வகம் அந்தக் கிருமியை மனித உடல் தானாகவே அடக்கிவைக்கும் ஒரு வழியைக் கண்டது.

லெவியின் குழு செய்த சோதனை, எங்களைப் போன்ற ஆய்வகக்காரர்களுக்கு உடனே பிடிபடக்கூடியது. எச்.ஐ.வி. இருந்தும் நோய் அறிகுறி எதுவுமின்றி நலமாக இருந்த ஒருவரின் இரத்தத்திலிருந்து வைரஸை வளர்த்தெடுக்க முயன்றார்கள், வளரவில்லை. வெள்ளணுக்களிலிருந்து சிடி8 என்ற வகையை மட்டும் பிரித்து நீக்கிவிட்டுப் பார்த்தால் வைரஸ் தாராளமாகப் பெருகியது. நீக்கிய சிடி8 செல்களைத் திரும்பச் சேர்த்தபோது மறுபடியும் அடங்கியது. சிடி8 செல் என்றால் தொற்றுக்கு உள்ளான செல்லைத் தேடிப்போய்க் கொல்லும் காவலாள் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன. இங்கேயோ தொற்றுற்ற செல்கள் சாகவில்லை, உயிரோடு இருந்தபடியே வைரஸ் உண்டாக்குவதை நிறுத்திக்கொண்டன. இரண்டு வகைச் செல்களையும் ஒன்றையொன்று தொடாதபடி நுண்துளைச் சவ்வால் பிரித்துவைத்தாலும் வைரஸ் அடங்குவதை 1989இல் காட்டினார்கள். அப்படியானால் அந்தச் செல்கள் ஏதோ ஒரு பொருளைத் தம்மைச் சுற்றியுள்ள திரவத்தில் விடுகின்றன, அந்தப் பொருளே வேலை செய்கிறது என்றாகிறது. பொருளுக்குப் பெயர் வைத்தார்களே தவிர, அது இன்னதென்று பிரித்தெடுக்க முடியவில்லை.

அடுத்த பெரிய அடி 1995 டிசம்பரில் விழுந்தது. அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில் ஃபியோரென்சா கொக்கி, ஆந்தனி டிவிகோ, பவுலோ லூசோ முதலியோர், சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி மாற்றப்பட்ட சிடி8 செல்களை வளர்த்து, அவை வளர்ந்த திரவத்தைப் படிப்படியாகச் சுத்திகரித்து, வைரஸை அடக்கும் பகுதியை மட்டும் பின்தொடர்ந்து போய், மூன்று புரதங்களில் வந்து நின்றார்கள்: ரான்டெஸ், எம்.ஐ.பி.-1 ஆல்பா, எம்.ஐ.பி.-1 பீட்டா. ஒன்றை மட்டும் எதிர்ப்பொருளால் முடக்கினால் போதவில்லை, மூன்றையும் சேர்த்து முடக்கினால்தான் அடக்கும் ஆற்றல் போனது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மனநிறைவைச் சொல்ல வேண்டும். ஒரு விடையைக் கண்டதும் நின்றுவிடாமல், அதை அகற்றினால் விளைவும் அகல்கிறதா என்று திருப்பிப் பார்ப்பதுதான் நல்ல ஆய்வகத்தின் அடையாளம்.

இந்த மூன்றும் புதிய புரதங்கள் அல்ல என்பதுதான் வேடிக்கை. இவை கீமோகைன்கள் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று முன்பே தெரியும். ஏறத்தாழ எழுபது அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு புரதங்கள். வைரஸைக் கொல்வது அவற்றின் தொழிலே இல்லை, வெள்ளணுக்களை ஓரிடத்துக்கு அழைப்பதுதான் தொழில். கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டகையில் பாகு கொதிக்கும் நாளில் காற்றடிக்கும் திசையில் நின்றால் கண்ணை மூடிக்கொண்டே கொட்டகைக்குப் போய்விடலாம். மணம் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் கால் போகும். திசுவில் காயமோ தொற்றோ ஏற்பட்ட இடத்திலிருந்து கீமோகைன் இப்படித்தான் பரவுகிறது. அதன் அடர்த்தி கூடும் திசையை முகர்ந்தபடி வெள்ளணுக்கள் நகர்ந்து வந்து சேருகின்றன. முகர்வதற்கு மூக்கு வேண்டுமல்லவா? அந்த மூக்குதான் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி என்னும் புரதம்.

அழைப்பு மணியாக இருக்கும் ஒரு புரதம் எச்.ஐ.வி.யை ஏன் தடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ ஆறு மாதமே ஆயிற்று. எச்.ஐ.வி. சிடி4 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது என்பது எண்பதுகளிலேயே தெரிந்த செய்தி. ஆனால் சிடி4 மட்டும் போதாது, வேறொரு துணையும் வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தத் துணை எது என்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் தேடினார்கள். 1996 மே மாதம் எட்வர்டு பெர்கரின் ஆய்வகம் ஒரு துணையைக் கண்டுபிடித்தது. அது இன்று சிஎக்ஸ்சிஆர்4 எனப்படுகிறது. அது ஒரு கீமோகைன் ஏற்பியைப் போன்ற வடிவம் கொண்டிருந்தது. இந்தத் துப்பும் கொக்கி குழுவின் மூன்று புரதங்களும் அடுத்தடுத்து வைக்கப்பட்டவுடன், அந்த மூன்றும் ஒருசேரப் பொருந்தும் ஏற்பி எது என்று பார்ப்பதுதான் மிச்சம். அடுத்த ஜூன் மாதமே ஐந்து குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள்: சிசிஆர்5. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் எச்.ஐ.வி. பெரும்பாலும் இந்த வாயிலைத்தான் பயன்படுத்துகிறது.

இதை இப்போது யாராவது என்னிடம் கேட்டால், திருவிழாக் காலத்தில் ஈரோடு பேருந்து நிலையத்தில் நடப்பதைச் சொல்லித்தான் விளக்குவேன். பேருந்து வந்து நிற்கும் முன்பே சன்னல் வழியாகக் கையை நீட்டி இருக்கையில் துண்டு போட்டுவிடுவார்கள். போட்டவர் உட்காரப் போவது பிறகுதான். ஆனால் அந்த இடம் அந்த நொடியே பிடிக்கப்பட்டதாகிவிடும். ரான்டெஸும் அதன் உறவுகளும் சிசிஆர்5இன் மேல் வந்து அமர்ந்தால், சிடி4ஐப் பற்றிக்கொண்டு அடுத்த பிடிக்குக் கை நீட்டும் வைரஸுக்கு இடமில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், கீமோகைன் வந்து தொட்ட சிசிஆர்5ஐச் செல் தன் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது; அதாவது துண்டு போட்டதோடு நிற்காமல் இருக்கையையே கழற்றி வைத்துவிடுகிறது. வைரஸின் வெளியுறையிலுள்ள புரதம் இரண்டாவது பிடியைப் பற்றினால்தான் அதனோடு இணைந்த மற்றொரு புரதம் ஈட்டிபோல் நீண்டு செல்லின் சவ்வைத் தைத்து இழுக்கும். இரண்டாவது பிடி கிடைக்காத வைரஸ் வாசற்படியிலேயே நின்றுபோகிறது. யாரையும் கொல்லாமல், எதையும் அழிக்காமல், வேறு வேலையாக வந்த ஒருவர் வழியில் உட்கார்ந்திருப்பதாலேயே நிகழும் தடுப்பு இது. எச்.ஐ.வி. பற்றி நான் படித்தவற்றுள் மிகவும் விரும்பிய பகுதி இதுதான்.

இருக்கையே இல்லாத பேருந்தும் உண்டு. சிசிஆர்5ஐ உண்டாக்கும் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறப்பவர்களின் செல்களில் இந்த ஏற்பி மேற்பரப்புக்கு வருவதே இல்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறையைப் பெற்றவர்கள், பலமுறை வைரஸுக்கு ஆட்பட்டும் பெரும்பாலும் தொற்றுக்கு உள்ளாவதில்லை என்பது 1996இலேயே வெளியாயிற்று. அத்தகையவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடையே நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள். நம் நாட்டில் இது மிக அரிது. ஆகவே நம் பெண்ணின் கேள்விக்கு இந்த விடை பொருந்துவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இரத்தப் புற்றுநோய்க்காக இத்தகைய ஒரு கொடையாளரின் தண்டுச் செல்களை 2007இலும் 2008இலும் பெர்லினில் பெற்றுக்கொண்ட டிமோதி ரே பிரவுனின் உடலில் எச்.ஐ.வி. மறைந்தது, புற்றுநோய் திரும்பி 2020இல் அவர் இறக்கும்வரை மருந்தின்றியும் அது தலைகாட்டவில்லை. கொக்கி குழுவின் கண்ணாடித் தட்டுகளில் தெரிந்த செய்தி ஒரு மனித உடலில் மெய்ப்பிக்கப்பட்டது என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 2018இல் சீனாவில் ஒருவர் பிறக்காத குழந்தைகளின் கருவிலேயே இந்த மரபணுவைத் திருத்தப்போய்ச் சிறைக்குச் சென்றதும் இதே செய்தியின் தொடர்ச்சிதான்; வெஸ்ட் நைல் போன்ற வேறு வைரஸ்களோடு போராட அந்த ஏற்பி உடலுக்குத் தேவைப்படுகிறது என்பதை மறந்துவிட்ட அவசரம் அது.

இவ்வளவு அழகான தடுப்பு இருக்கும்போது எச்.ஐ.வி. ஏன் வெல்கிறது என்று கேட்க வேண்டும். ஒரு காரணம், வைரஸ் வேறு இருக்கைக்கு மாறிக்கொள்கிறது. நாளடைவில் சிலருடைய உடலில் அது சிசிஆர்5ஐ விட்டுவிட்டு சிஎக்ஸ்சிஆர்4 வழியாக நுழையப் பழகிவிடும். அங்கே ரான்டெஸின் துண்டு செல்லாது. சிஎக்ஸ்சிஆர்4இல் அமரும் கீமோகைன் வேறு, எஸ்.டி.எஃப்.-1 எனப்படும் அதுவும் வைரஸைத் தடுக்கும் என்று 1996இலேயே காட்டினார்கள். இந்தியாவில் பெரும்பான்மையாகக் காணப்படும் சி வகை வைரஸ், நோய் முற்றிய நிலையிலும் பெரும்பாலும் சிசிஆர்5ஐயே பற்றிக்கொண்டிருக்கும் இயல்புடையது என்பதால், இந்த மூன்று புரதங்களின் கதை நமக்கு மற்றவர்களைவிடச் சற்று நெருக்கமானது. இன்னொரு காரணம் எளிமையானது: துண்டுகளைவிட இருக்கைகள் அதிகம். இரத்தத்திலும், அதைவிட அதிகமாகக் குடல் சுவரிலும் சிசிஆர்5 தாங்கிய செல்கள் நிறைந்திருக்கின்றன; தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களுக்குள்ளேயே வைரஸ் குடலிலுள்ள சிடி4 செல்களை, அதாவது சிடி4 புரதத்தைத் தாங்கிய வெள்ளணுக்களை, சூறையாடிவிடுகிறது.

லெவி தேடிய பொருள் இந்த மூன்றும்தானா? இல்லை என்பதே அவருடைய நிலைப்பாடு, அதில் நியாயமும் இருக்கிறது. அவருடைய திரவம் சிஎக்ஸ்சிஆர்4 வழியே நுழையும் வைரஸ்களையும் அடக்கியது. அதோடு, வாயிலில் தடுக்காமல், செல்லுக்குள் புகுந்துவிட்ட வைரஸின் மரபணு படியெடுக்கப்படுவதை நிறுத்தியது. இதற்குப் பொறுப்பான புரதத்தைப் பிடித்துவிட்டதாக 2002இல் டேவிட் ஹோ என்னும் எச்.ஐ.வி. ஆய்வாளரின் ஆய்வகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஆல்பா டிஃபென்சின்கள் என்னும் சிறு புரதங்களே அவை என்றார்கள். செய்தித்தாள்களில் அது பெரிதாக வந்ததும், அதை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்ததும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த டிஃபென்சின்கள் சிடி8 செல்களில் உருவானவை அல்ல, அவற்றை வளர்ப்பதற்குத் துணையாகச் சேர்க்கப்பட்ட வேறு வெள்ளணுக்களிலிருந்து வந்தவை என்று பின்னர் தெரிந்தது. 2004இல் அந்த முடிவின் ஒரு பகுதியை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டிஃபென்சின்கள் எச்.ஐ.வி.யைத் தடுப்பது உண்மைதான், எங்கிருந்து வந்தன என்பதில்தான் பிழை. வளர்ப்புத் திரவத்தில் நாம் அறியாமல் சேர்ந்துவிடும் பொருள் எத்தனை பெரிய ஆய்வகத்தையும் ஏமாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த துணுக்கை நான் எடுக்கவில்லை. பக்கத்தில் திருத்தத்தையும் எழுதி வைத்தேன்.

சிடி8 செல்கள் உயிருள்ள உடலிலும் இந்த வேலையைச் செய்கின்றனவா என்ற ஐயத்தை 1999இல் குரங்குகளில் செய்த ஆய்வுகள் போக்கின. எச்.ஐ.வி.யின் நெருங்கிய உறவான எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குகளிடமிருந்து சிடி8 செல்களை எதிர்ப்பொருள் செலுத்தி நீக்கியவுடன் வைரஸின் அளவு தறிகெட்டு ஏறியது. அந்தச் செல்கள் திரும்பி வந்ததும் இறங்கியது. கொல்வதால் எவ்வளவு, சுரப்பதால் எவ்வளவு என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையில் ஒரே சிடி8 செல் இரண்டையும் செய்கிறது: செல்லைத் துளைக்கும் பெர்ஃபோரின் என்னும் புரதத்தையும் கீமோகைன்களையும் அதுவே வெளியே விடுகிறது.

இனி, மருந்தைப் பற்றி. ரான்டெஸையே ஊசியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது வெள்ளணுக்களை அழைக்கும் மணி. போகுமிடமெல்லாம் அழற்சியைக் கிளப்பிவிடும். ஆகவே இருக்கையை அடைத்துக்கொண்டு மணியை மட்டும் அடிக்காத ஒரு பொருளைத் தேடி, மாரவிராக் என்னும் மாத்திரையைக் கண்டார்கள். 2007இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. வைரஸ் எந்த வாயிலைப் பயன்படுத்துகிறது என்று முதலில் சோதித்துப் பார்த்த பின்பே அதைக் கொடுக்க வேண்டும் என்பதால் நம் அரசு மையங்களில் அது வழக்கமான மருந்தாக ஆகவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று சொல்லி எங்கள் பக்கத்துச் சந்தைகளில் லேகியமும் சூரணமும் விற்றவர்களிடம் எத்தனையோ குடும்பங்கள் ஆடு மாடு விற்ற பணத்தைக் கொடுத்திருக்கின்றன. எச்.ஐ.வி. செழித்து வளர்வதே தூண்டப்பட்ட சிடி4 செல்களில்தான். எந்தச் செல், எந்தப் புரதம், எந்த இடத்தில் என்ற கேள்வி இல்லாமல் பொத்தாம்பொதுவாக 'சக்தியைக் கூட்டுவது' என்ற பேச்சுக்கு இந்த நோயில் பொருளே இல்லை.

சரி, அந்தப் பெண்ணுக்கு ஏன் தொற்றவில்லை? வைரஸுக்குப் பலமுறை ஆட்பட்டும் தொற்றாத சிலருடைய செல்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமாக இந்தக் கீமோகைன்களைச் சுரந்தன என்று 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. அவர் அத்தகையவராக இருக்கலாம். ஆனால் ஒற்றைக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு பெருமை பேசக் கூடாது. கணவரின் உடலில் வைரஸின் அளவு குறைவாக இருந்திருக்கலாம். நோய் தெரிந்த பின் அவர்கள் ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தினார்கள். ஆண்டின் பெரும்பகுதி கணவர் ரிக் வண்டியோடு வெளியூரில் இருந்தார். வைரஸின் அளவு எவ்வளவு முக்கியம் என்பது 2011இல் ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள 1,763 இணைகளைக் கொண்டு சென்னையும் புனேயும் உட்படப் பல நாட்டு மையங்களில் நடந்த ஆய்வில், தொடக்கத்திலேயே கூட்டு மருந்து கொடுத்தால் இணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது.

அந்தத் தம்பதியை மறுபடி சந்தித்தது ஓய்வு பெற்ற பிறகு, ஒரு கல்யாண மண்டபத்தில். 2004இல் அரசின் இலவசக் கூட்டு மருந்து தாம்பரத்தில் தொடங்கியதும் இரவுப் பேருந்து ஏறிப் போய் வாங்கிவந்த காலத்தையும், இப்போது பக்கத்திலேயே கிடைக்கும் ஒற்றை மாத்திரையையும் கணவர் ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மனைவிக்கு இன்றுவரை 'நெகட்டிவ்'. கூட்டத்திலிருந்து விலகி, மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றபோது, பல ஆண்டுகளாகக் கொடுக்காமல் வைத்திருந்த விடையைப் பேருந்து, துண்டு, இருக்கை என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அந்தப் பெண், ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டிருக்கும் இடத்துக்கே நேராக வந்தார்.

"ஏனுங்ணா, துண்டு போட்டு எடம் புடிச்சாச்சுன்னா, அப்புறம் அவரு எதுக்குங்க தெனமும் மாத்தர போடோணும்?"

"துண்டு இனிமே ஏறறவங்களத்தான் தடுக்கும் அம்மணி. முன்னாலயே ஏறி, பொறத்தால சீட்டுல படுத்துத் தூங்கறவங்கள என்ன பண்றது? மாத்திரைய விட்டா அவங்கதான் எந்திரிச்சு வருவாங்க."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கங்க" என்றார்.